பழம்பொருள் விற்பனையும் சிராவக நெறியும்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்த விரதங்களைப் பற்றி உரையாற்றுவோர், பொருளை எவ்வழியில் ஈட்ட வேண்டும், எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பனவற்றை விரிவாகக் கூறுவர். ஈட்டிய பொருள் பயன் முடிந்து நம் இல்லத்தை விட்டு வெளியேறும் வழியைப் பற்றிப் பேசுவோர் அரியர். முற்காலத்தில் அதற்குத் தேவையும் பெரிதாக இல்லை. கட்டில் மூன்று தலைமுறைக்கு உழைத்தது. பித்தளை அண்டா தேய்ந்தால் கடையில் எடைக்கு எடை மாற்றிக் கொண்டோம். மிஞ்சிய இரும்புத் துண்டுகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டிக்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். கொடுக்கல் வாங்கல் திண்ணையிலேயே முடிந்துவிடும்.

இன்று நிலை வேறு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் பிறந்த நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். பணியின் பொருட்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகின்றனர். ஊரில் பெற்றோர் காலமான பின், பூட்டிய வீட்டில் குளிர்ப்பெட்டியும், தையல் இயந்திரமும், நிலைப்பேழையும், இருசக்கர வண்டியும் எஞ்சுகின்றன. அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, இணைய வழிச் சந்தையில் விளம்பரம் செய்து விற்பதே எளிய வழி என்று எல்லோரும் கூறுகின்றனர். எளிய வழியென்று தொடங்கியவர்கள் மனம் கசந்து முடிப்பதையே நாம் பெரிதும் காண்கிறோம். ஆலயத்தில் சந்திக்கும் சிராவகியர் சிலர் நம்மிடம் கேட்டதும் இதுவே: இவ்விற்பனையில் நேரும் இழப்பையும் எரிச்சலையும் எவ்வாறு தாங்குவது? பலர் நம்மை ஏமாற்றும் இடத்தில் நாம் மட்டும் முழு உண்மை பேசித்தான் ஆக வேண்டுமா?

இரண்டாவது வினாவே இவ்வுரையின் பொருள். முதல் வினா அதற்கு வாயில்.

விற்பனை செய்வது இழிவன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆதி பகவானாகிய விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த அறுவகைத் தொழில்களுள் வாணிகமும் ஒன்று. வாள், எழுத்து, உழவு, வித்தை, சிற்பம் ஆகியவற்றோடு அதுவும் சமமாக வைத்து எண்ணப்பட்டது. ஆகவே பழைய கட்டிலை விற்கும் சிராவகர் கூச்சப்பட வேண்டியதில்லை. பயன்படுத்தாத ஒன்றை வீட்டில் அடைத்து வைப்பதை விட, தேவைப்படுவோர் கைக்கு அது போய்ச் சேர்வது நன்று. புதிதாக ஒன்று செய்யப்படும்போது மண்ணிலும் நீரிலும் நெருப்பிலும் நேரும் உயிர்க்கேடு அந்த அளவுக்குக் குறைகிறது.

இத்தகைய சந்தை தோன்றிய வரலாற்றில் ஒரு செய்தி நமக்குப் பெரிதும் பிடித்தமானது. அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் 1995ஆம் ஆண்டு தம் கணினி வழியே ஓர் ஏலக்களத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஈபே என்று பெயர் பெற்றது அதுவே. அதில் முதலில் விற்ற பொருள் ஒளிக்கற்றை பாய்ச்சும் ஒரு சுட்டுகோல். அதுவும் பழுதானது. 14 டாலர் 83 சென்ட்டுக்கு அதை ஒருவர் எடுத்தார். பழுதானது என்பது தெரியுமா என்று விற்றவர் எழுதிக் கேட்டார். பழுதான சுட்டுகோல்களைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் விடை எழுதினாராம். உடைந்ததை உடைந்தது என்றே சொல்லி விற்ற இடத்திலிருந்து அவ்வாணிகம் தொடங்கியது. அது பெருகிய பின் நிலைமை அவ்வாறே இருந்ததாகச் சொல்ல இயலாது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பாஸி என்னும் தளத்தை 2004இல் ஈபே விலைக்கு வாங்கி நடத்தியது. 2018இல் அது மூடப்பட்டது. ஓஎல்எக்ஸ், குவிக்கர், முகநூலின் சந்தைப் பகுதி ஆகியவற்றின் பெயர்களே நம் இல்லங்களில் அதிகம் வழங்கின.

இவ்விற்பனையில் உண்மையாகக் கைக்கு வருவது எவ்வளவு? ஆசிரியப் பணியில் பழகிய கை கரும்பலகையைத் தேடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 18,000 ரூபாய்க்கு வாங்கிய குளிர்ப்பெட்டி ஒன்றை 8,000 ரூபாய்க்கு விற்க ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். ஆறு வாரம் காத்திருந்து 4,500 ரூபாய்க்கு விற்கிறார். விற்பதற்கு முன் பழுது பார்ப்பவருக்குக் கொடுத்தது 900. விளம்பரம் முன்வரிசையில் தெரிவதற்குத் தளம் வாங்கிய கட்டணம் 200. மூன்றாம் மாடியிலிருந்து இறக்கும் கூலி 500. அதை வாங்குபவர் தர மறுத்துவிட்டார். வருவதாகச் சொன்னவர்களுக்காக வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்த இரண்டு நாளின் ஊதியம் 1,400. ஆக மொத்தச் செலவு 3,000. எஞ்சியது 1,500. நாற்பத்திரண்டு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 36 ரூபாய்கூடத் தேறவில்லை. இதில் மன அமைதியின் விலையைச் சேர்க்கவில்லை. அதற்கு வாய்பாடு இல்லை.

கட்டணம் என்பது பெயர் மாறினாலும் எங்கோ ஓரிடத்தில் வந்தே தீரும். பிரித்தானியாவில் வாழும் நம் உறவினர்க்கு இது தெரியும். அங்கே ஈபே நிறுவனம் 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளரின் கட்டணத்தைப் பெரும்பாலான பொருட்களுக்கு நீக்கியது. சில மாதங்களில், 2025 பிப்ரவரியில், வாங்குவோர் மீது பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை விதித்தது. இன்னொன்றும் உண்டு. அத்தளத்தில் வாங்கியவர் விற்றவரைக் குறை கூறி மதிப்பிடலாம். விற்றவர் வாங்கியவரைக் குறை கூறி மதிப்பிடும் உரிமை 2008இல் எடுக்கப்பட்டது. விற்றவர்கள் பழி வாங்கும் நோக்கில் அவ்வுரிமையைப் பயன்படுத்தியதே காரணமாகக் கூறப்பட்டது. காரணம் நியாயமானதே. எனினும் ஒரு பக்கத்துக்கு மட்டும் வாய் இருக்கும் சந்தையில் மற்றப் பக்கத்தார் மனம் வெதும்புவதும் இயல்பு.

இனி அந்த வெதும்பலைப் பார்ப்போம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களும் ஒரு பழைய நாற்காலியைச் சுற்றி வந்து அமர்வதை இவ்விற்பனையில் காண்பது போல் வேறெங்கும் காண இயலாது. வருவதாகச் சொன்னவர் வராதபோது சினம் எழுவதை யாவரும் அறிவர். அதை விட நுட்பமானது மானம். 5,000 ரூபாய் என்று நாம் எழுதிய பொருளுக்கு, முகம் தெரியாத ஒருவர் 1,200 ரூபாய் தரலாமா என்று கேட்கிறார். நமக்கு ஏன் சுடுகிறது? அவர் நாற்காலிக்கு விலை கேட்டார். நாமோ நம் தகப்பனார் அமர்ந்த இடத்துக்கு, நம் மணவாழ்வின் முதல் ஆண்டுக்கு, நம் சிக்கனத்துக்கு விலை கேட்டதாகக் கொள்கிறோம். பரிக்கிரகம் என்பது பொருளில் இல்லை, பொருளின்மேல் உள்ள மயக்கத்தில் இருக்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாசுவாமி ஆசாரியர் வரையறுத்த கருத்து இங்கே கண்முன் நிற்கிறது. விற்கத் துணிந்த பின்னும் பொருள் நம்மை விடவில்லை. விலையாக உருமாறி நம்மைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வாங்குபவர்க்கு அந்த நினைவுகளால் பயனில்லை. அவற்றுக்கு அவர் பணம் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

நம் நூல்கள் கூறும் குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என்று ஒன்று உண்டு. பயனின்றிப் பாவத்தைத் தேடிக்கொள்ளாமை என்பது அதன் பொருள். பிறர்க்குக் கேடு நினைத்தலும், கேடு பயக்கும் கருவிகளைக் கொடுத்தலும், கவனமின்றி நடத்தலும் அவ்விரதத்தால் விலக்கப்பட்டவை. அதன் அதிசாரங்களை எண்ணும்போது வீண்பேச்சை ஒன்றாகவும், தேவைக்கு மிஞ்சிய நுகர்பொருட்களைச் சேர்த்தலை மற்றொன்றாகவும் ஆசாரியர் வைத்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது நம் கைப்பேசித் திரையைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது. “இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி. “இருக்கிறது” என்றால் மறுமொழி இல்லை. “கடைசி விலை என்ன?” என்று நள்ளிரவில் ஒருவர். விலாசம் பெற்றுக்கொண்டு, வழியும் கேட்டுக்கொண்டு, வாராது போகும் ஒருவர். வாங்கும் எண்ணமின்றிப் பொழுதுபோக்காகக் கேட்பவர்களுக்கு நாம் சொல்வது: நீங்கள் செலவிடுவது பிறருடைய வாழ்நாள். விற்பவர்க்கும் ஒன்று சொல்வோம். மறுமொழி வந்துவிட்டதா என்று நாளில் நாற்பது முறை திரையைத் திறப்பதும், வராதவரை மனத்துள் வைது தீர்ப்பதும் அதே விரதத்துக்கு ஊறு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்ப்பது என்று வரையறுத்துக்கொண்டால் எந்த விற்பனையும் கெட்டுப்போகாது. சாமாயிகத்தில் அமரும் வேளையில் கைப்பேசி மற்றோர் அறையில் இருக்கட்டும்.

எரிச்சல் ஒருபுறமிருக்க, உண்மையான வஞ்சனையும் இங்கே உண்டு. இதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நம் முதியோர் பலர் இதில் சிக்கியிருக்கின்றனர்.

விளம்பரம் இட்ட சில நிமிடங்களில் ஒருவர் அழைப்பார். விலை பேசமாட்டார். கேட்ட தொகையை அப்படியே ஒப்புக்கொள்வார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவோ, விமான நிலையக் காவலில் இருப்பதாகவோ கூறிச் சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார். பணி காரணமாக நேரில் வர இயலவில்லை, பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்பார். கட்டங்கள் நிறைந்த கியூஆர் படமொன்றை அனுப்பி, இதைக் கைப்பேசியால் படித்து, யூபிஐ இரகசிய எண்ணை இடுங்கள், பணம் உங்கள் கணக்கில் சேரும் என்பார். சேராது. போகும். யூபிஐ முறை 2016இல் வந்தது முதல் இன்று வரை ஒரு விதி மாறவில்லை. பணம் கொடுப்பதற்கு மட்டுமே இரகசிய எண் தேவை. பெறுவதற்கு எதையும் இடவேண்டியதில்லை. தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியும் இவ்வாறு பெரிதும் முறைகேடாகப் பயன்பட்டது. அதனால் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்திவிட்டது. கியூஆர் படம் அனுப்பும் வழி அடைபடவில்லை. ஏமாந்தவர் உடனடியாக அழைக்க வேண்டிய எண் 1930. நிமிடங்களில் தெரிவித்தால் பணத்தை இடையிலேயே தடுத்து வைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் என்று ஒத்திப்போட்டால் அவ்வாய்ப்பு சுருங்கும்.

சீருடையைக் காட்டி நம்பவைக்கும் இவ்வித்தை புதிதன்று. மேருமந்தர புராணம் கேட்டு வளர்ந்தவர்கள் சத்தியகோஷனை மறந்திருக்க மாட்டார்கள். சிம்மபுரத்து மன்னன் சிம்மசேனனின் அமைச்சன் அவன். இயற்பெயர் ஸ்ரீபூதி. உண்மையே பேசுவான் என்று ஊர் புகழ்ந்ததால் சத்தியகோஷன் எனப்பட்டான். பொய் சொன்னால் நாவை அறுத்துக்கொள்வேன் என்று கூறிப் பூணூலில் ஒரு சிறு கத்தியைக் கட்டிக்கொண்டு திரிந்ததாகவும் கதை வழங்குகிறது. நாவை அறுக்கும் கத்தியே அவனது அடையாள அட்டை. அதை நம்பிப் பத்திரமித்திரன் என்னும் வணிகன் தன் மணிகள் அடங்கிய செப்பை அவனிடம் அடைக்கலம் வைத்தான். திரும்பி வந்து கேட்டபோது, நீ யார், எந்த மணி என்றான் அமைச்சன். ஊரார் வணிகனைப் பித்தன் என்றனர். அவனோ நாள்தோறும் விடியலில் அரண்மனையருகே ஒரு மரத்தின்மீது ஏறித் தன் முறையீட்டைக் கூறி அழுதான். ஒவ்வொரு நாளும் ஒரே சொற்களையே அவன் சொல்வதைக் கவனித்தவள் அரசி இராமதத்தை. பித்தன் நாளுக்கொன்று பேசுவான், இவன் மாற்றாமல் பேசுகிறான் என்று அவள் எண்ணினாள். அமைச்சனைச் சூதாட அழைத்து அவனுடைய முத்திரை மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றை அடையாளமாகக் காட்டி அவன் இல்லத்திலிருந்து செப்பை வரவழைத்தாள்.

கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அமைச்சன் பட்ட தண்டனைக்கு விரைவர். அவன் இறந்து அரசனின் கருவூலத்திலேயே பாம்பாய்ப் பிறந்ததைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவர். இடையில் உள்ள ஒரு நிகழ்ச்சியே நமக்கு இங்கு வேண்டுவது. அரசன் அந்த மணிகளைத் தன் கருவூலத்து மணிகளோடு கலந்து குவித்து, உன்னுடையவற்றை எடுத்துக்கொள் என்றான். நாடறிய அழுதவன், நாட்கணக்கில் பித்தன் என்று இகழப்பட்டவன், அமைச்சனால் வஞ்சிக்கப்பட்டவன். பட்ட துன்பத்துக்கு ஈடாக அரசனின் மணி ஒன்றிரண்டைச் சேர்த்து எடுத்திருந்தால் அவன் மனமே அவனை மன்னித்திருக்கும். அவன் தன் மணிகளை மட்டும் பொறுக்கி எடுத்தான்.

பட்ட நட்டத்தை அடுத்தவர் தலையில் ஏற்றலாமா என்னும் கேள்வி நம் காலத்தில் எப்படி வருகிறது என்பதற்கு, நமக்கு அறிமுகமான ஓர் அம்மையார் வாழ்வில் நடந்ததைக் கூறுவோம். கணவர் காலமானபின் அவர் ஓட்டிய வண்டியை விற்க அம்மையார் விளம்பரம் செய்தார். மேற்சொன்ன இராணுவ வேடத்தாரிடம் 18,000 ரூபாய் இழந்தார். மறுநாள்தான் பிள்ளைக்குத் தெரிவித்தார். புகார் பதிவாயிற்று, பணம் திரும்பவில்லை. இரு வாரம் கழித்து உண்மையாகவே ஒருவர் வந்தார். குழாய் வேலை செய்யும் இளைஞர். வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்றார். ஓட்டிப் பார்த்து 27,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். அந்த வண்டியின் இயந்திரத்தை முன்பு ஒருமுறை இறக்கி வேலை பார்த்திருந்தார்கள். வெளியில் பார்ப்பவர்க்குத் தெரியாது. அருகிலிருந்த அம்மையாரின் தமையன் மகன் தனியே அழைத்து, “அத்தை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? போன பணத்தில் கொஞ்சமாவது இதில் வரட்டும். அவர் கேட்கவும் இல்லையே” என்றான்.

கேட்கவில்லையே என்பது வலுவான வாதம் போலத் தோன்றும். பெரிய பெரிய வணிகர்களும் அதில் ஒதுங்குவர். கேட்பதற்கு அறிவில்லாதவரிடம் சொல்லாமல் விடுவது, கேட்டவரிடம் பொய் சொல்வதைவிட எவ்வகையில் நேர்மையானது? அம்மையார் இளைஞரிடம் இயந்திரப் பழுதைக் கூறிப் பழுது பார்த்த சீட்டையும் எடுத்துக் கொடுத்தார். அவர் யோசித்து 3,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். 24,000 ரூபாய்க்கு வண்டி போயிற்று. தமையன் மகனுக்கு இன்றும் அதில் மனத்தாங்கல் உண்டு. அவன் கெட்டவன் அல்லன். அத்தைக்கு இரங்கியே அவ்வாறு கூறினான். ஆயினும் 18,000 ரூபாயை எடுத்தவன் வேறு, இந்த இளைஞர் வேறு. ஒருவன் கடனை மற்றொருவனிடம் வசூலிக்கும் உரிமையை எந்த வஞ்சனையும் நமக்குத் தந்துவிடாது. வினைக்கணக்கில் பெயர் மாறிப் பதிவாவதில்லை.

இந்த இடத்தில் உலகியல் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டி விற்றவர் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டதோடு நின்றுவிடாமல், பெயர் மாற்றம் முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கைமாறிய பொருளின் வினை நம் பெயரில் தொடரும் என்பதற்குச் சட்டமே சான்றாக நிற்கிறது.

கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்களைப் பாடமாக ஒப்பித்தவர்கள் நம்முள் பலர். அவற்றை இச்சந்தையில் வைத்துப் பார்த்தால் ஒப்பித்தது உயிர் பெறும். களவுப்பொருளை வாங்குதல் ஓர் அதிசாரம். மிக மலிவாகக் கிடைக்கும் பழைய கைப்பேசி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது அதில் அடங்கும். இன்று கேட்காமலிருக்கச் சாக்கும் இல்லை. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் கைப்பேசியின் அடையாள எண் திரையில் வரும். மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்னும் இணையதளத்தில் அவ்வெண்ணை இட்டுப் பார்த்தால், அது களவு போனதாகத் தடை செய்யப்பட்டதா என்பது தெரியும். விலை பேசுமுன் இதைச் செய்வது விரதத்தின் பகுதி என்றே கொள்ளலாம். குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் வைத்தல் இன்னோர் அதிசாரம். படியும் தராசும் இல்லாத விற்பனையில் ஆண்டுக்கணக்கே படி. ஐந்தாண்டு உழைத்ததை “இரண்டாண்டுதான் ஆயிற்று” என்று எழுதுவது கள்ளப்படி வைத்தலே. வேறொரு நிறுவனத்தின் மின்னேற்றியை அசல் என்று சேர்த்துக் கொடுப்பது போலியைக் கலத்தல். கீறல் விழுந்த பக்கத்தைச் சுவரோடு சாய்த்துப் படம் எடுப்பதைப் பற்றி என்ன சொல்வது! உத்தம ஆர்ஜவம் என்று தசலக்ஷண நாட்களில் பூசை செய்கிறோம். ஆர்ஜவம் என்பதற்கு வளையாமை என்று பொருள். படக்கருவியைப் பிடிக்கும் கோணத்திலும் அது உண்டு.

எவற்றை விற்கவே கூடாது என்பதும் நம் நூல்களில் இருக்கிறது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இம்சைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதை விலக்குகின்றன. வாளும் நஞ்சும் தளையும் நம் வீடுகளில் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். எலிப்பொறி இருக்கிறது. கொசுவை எரிக்கும் மின்மட்டை இருக்கிறது. விருந்தினர் விட்டுச் சென்ற தூண்டில், பேரன் வாங்கிய காற்றுத் துப்பாக்கி, மீன்தொட்டி இருக்கலாம். இருநூறு ரூபாய்க்காக இவற்றுக்கு விளம்பரம் இட்டு அடுத்த வீட்டில் கொலையைத் தொடரச் செய்வதை விட, பயன்படாதவாறு பிரித்துக் கழிப்பதே நன்று. பழுதான கணினியும் மின்கம்பியும் வேறு வகையில் கருதத்தக்கவை. செம்புக்காகக் கம்பியைத் திறந்தவெளியில் எரிப்பவர் கையில் அவை சேர்ந்தால் புகையிலும் அமிலத்திலும் எத்தனை உயிர் மாயும் என்று எண்ண வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றைச் சேர்ப்பதே முறை. விலை குறைவாகவே கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம்.

விற்க முடியாததைத் தானம் செய்துவிடலாமே என்று ஒரு சாரார் கூறுவர். நல்ல நிலையில் உள்ளதைத் தேவையுள்ள மாணவனுக்கோ, அண்டை வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ கொடுப்பது கருணை. அதில் ஐயமில்லை. ஆனால் நான்கு மாதம் விளம்பரம் செய்தும் எவரும் வாங்காத மின்விசிறியை ஜினாலயத்துக்குக் கொண்டுவந்து, சுழலாத அதன் இறக்கையில் உபயம் என்று பெயரெழுதி வைப்பது எந்தத் தானத்திலும் சேராது. ஊர்தோறும் ஆலய அறைகளில் இத்தகைய உபயங்கள் குவிந்திருப்பதைப் பார்க்கிறோம். உணவு, மருந்து, நூல், அபயம் என்று தானம் நான்கு. கழிவு ஐந்தாவதாக எண்ணப்படவில்லை.

விற்பனையின் இழப்புக்கு மருந்து விற்பனையில் இல்லை. வாங்குமிடத்தில் இருக்கிறது. ஒருமுறை நுகர்ந்து தீர்வது போகம், திரும்பத் திரும்ப நுகர்வது உபபோகம் என்று சமந்தபத்திரர் பிரித்தார். பழம்பொருட்கள் அனைத்தும் உபபோகத்தின் எச்சங்கள். குளிர்ப்பெட்டியின் விலை 18,000 என்று அன்று எண்ணினோம். பழுது நீக்கிய செலவு, இடத்தை அடைத்த ஆண்டுகள், இப்போது விற்கப்படும் பாடு எல்லாம் சேர்ந்ததே அதன் முழு விலை. கடைசித் தவணை கடையில் கேட்கப்படுவதில்லை, அவ்வளவே. பருவ நோன்புக்கு முன் ஒரு பிற்பகலில் குடும்பத்தார் அமர்ந்து, அறை அறையாக உள்ள பொருட்களை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். குழந்தைகளை எழுதச் சொல்லலாம், கையெழுத்தும் திருந்தும். கடந்த ஓராண்டில் கை படாதவற்றை வேறு மையால் குறியுங்கள். அடுத்த பருவம் வரை இன்ன வகையில் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று அளவு செய்துகொள்வது பரிமாண விரதத்துக்கு எளிய தொடக்கம்.

அவ்வாறு எழுதும்போது நம் சமூகத்தாருக்கே உரிய சில பொருட்கள் பரணிலிருந்து வெளிப்படக்கூடும். ஓலைச்சுவடி, பழைய செப்புத் திருமேனி, எழுத்துப் பொறித்த விளக்கு. பழமை என்ற பெயரில் இவற்றுக்கு இணையத்தில் நல்ல விலை கிடைக்கிறது என்று இளையோர் சிலர் படம் எடுக்க முற்படுகின்றனர். நூறாண்டு கடந்த திருமேனிகளும், எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புடைய சுவடிகளும் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. உரிமம் இன்றி அவற்றை வாணிகம் செய்வதும், தனியார் அவற்றை நாட்டை விட்டு அனுப்புவதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்கட்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததில், ஏடுகளைக் காத்து வைத்திருந்தவர்களுக்கும், பொருள் விளங்காத இடங்களை அவருக்கு விளக்கிய கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. அவ்வேடுகளை அன்று எவரேனும் எடைக்குப் போட்டிருக்கலாம். உங்கள் பரணில் சுவடி இருந்தால் எண்ணெய் தடவவோ, கட்டைப் பிரித்து வெயிலில் வைக்கவோ முயல வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி, மேல்சித்தாமூர் திருமடத்துக்கோ, சென்னையில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூலகத்துக்கோ, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.